மின்னணு விலையும் மளிகைக் கடை நுகர்வோரும்

இந்தியக் குடும்பங்களின் செலவில் பெரும்பங்கு உணவுக்கே செல்கிறது. 2023-24ஆம் ஆண்டின் குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, தனிநபரின் மாதச் செலவில் கிராமப்புறங்களில் ஏறத்தாழ 47 சதவிகிதமும், நகர்ப்புறங்களில் ஏறத்தாழ 40 சதவிகிதமும் உணவுக்காகச் செலவிடப்படுகின்றன. ஆகவே, மளிகைக் கடையில் விலை எவ்வாறு அறிவிக்கப்படுகிறது, எவ்வாறு மாற்றப்படுகிறது என்பது வணிகர்களின் உள்விவகாரம் அன்று. அது ஒவ்வொரு குடும்பத்தின் வரவு செலவுத் திட்டத்தையும் தொடும் பொருளாதாரப் பிரச்சினையாகும்.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் விலையை அறிவிக்கும் முறை வெகுவாக மாறிவிட்டது. கடைக்காரரின் வாய்ச்சொல், சிலேட்டுப் பலகை, பொட்டலத்தில் அச்சிட்ட எண், பட்டைக் குறியீடு, கைப்பேசித் திரை என்று படிப்படியாக இம்மாறுதல் நிகழ்ந்துள்ளது. மேலை நாடுகளில் அலமாரி விளிம்பில் பொருத்தப்படும் மின்னணு விலைச் சீட்டும் பரவி வருகிறது. இச்சாதனங்களை மக்கள் ஒரே விதமாக வரவேற்கவில்லை. சிலவற்றைத் தயக்கமின்றி ஏற்றுக் கொண்டனர். சிலவற்றை ஐயத்துடன் நோக்கினர். சிலவற்றை வெளிப்படையாக எதிர்த்தனர்.

இந்த வேறுபாட்டுக்கு மக்களின் பழமைப் பற்றும் இயந்திரங்களிடம் கொண்ட அச்சமுமே காரணம் என்று சொல்லப்படுவதுண்டு. உண்மை நிலை அவ்வாறன்று. தாமே சரிபார்த்துக் கொள்ளக்கூடிய விலையைத் தரும் இயந்திரத்தை மக்கள் ஏற்கின்றனர்; சரிபார்க்கும் வாய்ப்பைப் பறிக்கும் இயந்திரத்தை எதிர்க்கின்றனர். இந்தியாவிலும் பிற நாடுகளிலும் கிடைத்துள்ள அனுபவம் இதனைத் தெளிவாக்குகிறது.

விலை அறிவித்தலின் நான்கு தேவைகள்

பொருளாதாரப் பாடநூல்களில் விலை என்பது தேவையும் அளிப்பும் சந்திக்கும் புள்ளி. கடையில் நிற்கும் நுகர்வோருக்கோ அது ஒரு வாக்குறுதி. அவ்வாக்குறுதி பயனுடையதாக இருக்க நான்கு தேவைகள் நிறைவேற வேண்டும்.

முதலாவதாக, பொருளைக் கையில் எடுக்கும் முன்பே விலை தெரிய வேண்டும். இரண்டாவதாக, எடுத்த நேரம் முதல் பணம் செலுத்தும் நேரம் வரை அவ்விலை மாறாதிருக்க வேண்டும். மூன்றாவதாக, அதே கடையில் அதே வேளையில் அதே பொருளை வாங்கும் அடுத்தவருக்கும் அதே விலையாக இருக்க வேண்டும். சலுகை உண்டெனில் அதன் நிபந்தனை எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான்காவதாக, வாங்கிய பின் கணக்கைச் சரிபார்க்க எழுத்து வடிவில் சான்று கிடைக்க வேண்டும்.

எந்தச் சாதனமாயினும் இந்த நான்கில் எதை வலுப்படுத்துகிறது, எதை வலுவிழக்கச் செய்கிறது என்று நோக்கினால், அதற்கு மக்கள் காட்டும் எதிர்வினையைப் பெரும்பாலும் முன்கூட்டியே கூறிவிடலாம்.

அச்சிட்ட விலை: இந்திய ஏற்பாடு

நம் நாட்டில் முதல் தேவையை நிறைவேற்றச் சட்டமே முன்வந்தது. 1976ஆம் ஆண்டின் எடை, அளவுத் தரச் சட்டத்தின் கீழ், பொட்டலப் பொருள்கள் பற்றிய விதிகள் 1977-இல் பிறப்பிக்கப்பட்டன. நிகர எடை, தயாரிப்பாளரின் பெயரும் முகவரியும், தயாரித்த மாதம், விற்பனை விலை ஆகியவற்றைப் பொட்டலத்தின் மீது குறிப்பிடுவது கட்டாயமாயிற்று. எனினும், உள்ளூர் வரிகள் தனி என்று அச்சிட அக்காலத்தில் இடமிருந்தது. வரி எவ்வளவு என்பதைக் கடைக்காரர் சொன்னால்தான் உண்டு. 1990-இல் செய்யப்பட்ட திருத்தம் இந்த ஓட்டையை அடைத்தது. எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச சில்லறை விலை, அதாவது இன்று எம்.ஆர்.பி. என்று வழங்கும் விலை, அப்போது நிலைபெற்றது.

பின்னர் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் 2011 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. 2017-இல் செய்யப்பட்ட திருத்தப்படி, 2018 ஜனவரி முதல், ஒரே வகையான பொட்டலத்துக்கு இடத்துக்கு ஓர் எம்.ஆர்.பி. குறிப்பதற்குத் தடை விதிக்கப்பட்டது. இணைய வணிக நிறுவனங்களும் இவ்விவரங்களைத் திரையில் காட்ட வேண்டும் என்பதும் அதே காலத்தில் நடைமுறைக்கு வந்தது.

இந்த ஏற்பாட்டின் சிறப்பு எளிமையில் இருக்கிறது. ஒரு சிற்றூர்ச் சிறுவன்கூடப் பொட்டலத்தைத் திருப்பி விலையைப் படித்துக் கடைக்காரரைக் கேள்வி கேட்க முடிகிறது. ஆயினும் இதற்கு இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, சில்லறையாக நிறுத்துக் கொடுக்கப்படும் அரிசி, பருப்பு, காய்கறி போன்றவற்றுக்கு எம்.ஆர்.பி. இல்லை. மற்றொன்று, எம்.ஆர்.பி. என்பது உச்சவரம்பே ஒழிய, உண்மையான விற்பனை விலை அன்று. 100 ரூபாய் என்று அச்சிட்ட பொருள் ஒரு கடையில் 96 ரூபாய்க்கும், மற்றொரு கடையில் 82 ரூபாய்க்கும் விற்கப்படலாம். உச்சவரம்புக்கும் விற்பனை விலைக்கும் இடையே உள்ள இந்த வெளியில்தான் மின்னணு விலை இயங்குகிறது.

பட்டைக் குறியீடும் அமெரிக்க அனுபவமும்

1974 ஜூன் 26ஆம் நாள், அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ட்ராய் என்னும் ஊரில் மார்ஷ் சூப்பர் மார்க்கெட்டில் பட்டைக் குறியீடு முதன்முதலாகக் கடைக் கவுண்ட்டரில் வருடப்பட்டது. விற்கப்பட்ட பொருள் 67 சென்ட் விலையுள்ள சூயிங்கம் கட்டு ஒன்று.

இச்சாதனத்தால் கவுண்ட்டரில் வேலை விரைவாகும், கையிருப்புக் கணக்கு எளிதாகும் என்பன வணிகர்களின் எதிர்பார்ப்புகள். அவற்றோடு, ஒவ்வொரு டப்பாவிலும் தனித்தனியாக விலைச் சீட்டு ஒட்டும் கூலியையும் மிச்சப்படுத்த அவர்கள் எண்ணினர். எதிர்ப்பு எழுந்தது இங்கேதான். அமெரிக்காவில் தயாரிப்பாளர் பொருளின் மீது விலையை அச்சிடுவதில்லை. கடைக்காரர் ஒட்டும் சீட்டே விலையறிய வழி. அச்சீட்டு மறைந்தால், வீட்டுக்குக் கொண்டு சென்ற டப்பாவில் வாசிக்கத்தக்க விலையே இராது. நுகர்வோர் அமைப்புகளும் கடைத் தொழிலாளர் சங்கங்களும் இதனை எதிர்த்தன. தொழிலாளர் சங்கங்களுக்கு வேலையிழப்பு அச்சமும் இருந்தது. இதன் விளைவாகப் பல மாநிலங்கள், ஒவ்வொரு பொருளிலும் விலை குறிக்கப்பட வேண்டும் என்று சட்டம் இயற்றின.

அவற்றுள் மிச்சிகன் மாநிலத்தின் 1976ஆம் ஆண்டுச் சட்டம் குறிப்பிடத்தக்கது. குறித்த விலையைவிடக் கூடுதலாகக் கணிப்பொறி வசூலித்தால், கூடுதல் தொகையோடு அதன் பத்து மடங்கையும் இழப்பீடாக நுகர்வோர் கோரலாம். இவ்விழப்பீடு குறைந்தது 1 டாலர், மிகுந்தால் 5 டாலர். ஒவ்வொரு பொருளிலும் விலைச் சீட்டு ஒட்டும் கட்டாயம் 2011-இல் நீக்கப்பட்டது. ஆனால் இழப்பீட்டு விதி புதிய சட்டத்திலும் தொடர்ந்தது. சீட்டை இழக்க மக்கள் காலப்போக்கில் இசைந்தனர். தவறு நேர்ந்தால் கேட்கும் உரிமை மட்டும் கைவிடப்படவில்லை.

ஐயத்துக்கு ஆதாரமும் இல்லாமற் போகவில்லை. அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், சரிபார்க்கப்பட்ட பொருள்களில் ஏறத்தாழ 30-க்கு ஒன்று தவறான விலையில் பில் செய்யப்பட்டது தெரிய வந்தது. தவறுகளில் கூடுதலாக வாங்கப்பட்டவையும் உண்டு, குறைவாக வாங்கப்பட்டவையும் உண்டு. பெரும்பாலும் காரணம் வஞ்சனை அன்று. அலமாரிச் சீட்டை மாற்றியவர் கணிப்பொறியில் மாற்ற மறப்பதும், கணிப்பொறியில் மாற்றியவர் சீட்டை மாற்ற மறப்பதுமே.

நம் நாட்டிலோ பட்டைக் குறியீடு பெரிய எதிர்ப்பின்றிப் பரவியது. பொட்டலத்தின் மீது எம்.ஆர்.பி. தொடர்ந்து அச்சிடப்பட்டு வந்ததால், இயந்திரம் வந்த பின்னும் நுகர்வோரின் கையில் சரிபார்க்கும் கருவி எஞ்சியிருந்தது. அமெரிக்கருக்கும் இந்தியருக்கும் மனப்பான்மை வேறு என்று கொள்வதைக் காட்டிலும், சட்ட ஏற்பாடு வேறு என்று கொள்வதே பொருத்தமாகும்.

மின்னணு விலைச் சீட்டு

அலமாரி விளிம்பில் காகிதச் சீட்டுக்குப் பதிலாகச் சிறிய திரையைப் பொருத்தி, ஓரிடத்திலிருந்தே எல்லா விலைகளையும் மாற்றும் முறை 1990களில் ஐரோப்பாவில் வளரத் தொடங்கியது. அமெரிக்காவில் வால்மார்ட் நிறுவனம் 2024 ஜூன் மாதத்தில், 2026ஆம் ஆண்டுக்குள் 2,300 கடைகளில் இதனைப் பொருத்தப் போவதாக அறிவித்தது. ஒரு கடையில் 1,20,000-க்கும் மேற்பட்ட பொருள்கள் உள்ளன என்றும், ஊழியர் ஒருவருக்கு இரண்டு நாள் பிடித்த விலை மாற்றப் பணி இனிச் சில நிமிடங்களில் முடியும் என்றும் அந்நிறுவனம் கூறியது.

இதன் நன்மைகள் புறக்கணிக்கத்தக்கவை அல்ல. அலமாரித் திரையும் கவுண்ட்டர்க் கணிப்பொறியும் ஒரே பதிவேட்டிலிருந்து விலையைப் பெறுவதால், முன்னர்க் குறிப்பிட்ட பொருத்தமின்மை பெரிதும் குறையும். கெடும் நிலையை நெருங்கும் பால், ரொட்டி, கீரை போன்றவற்றின் விலையை மாலையில் குறைத்து, வீணாவதைத் தடுக்கலாம். காகிதமும் உழைப்பும் மிச்சமாகும்.

எனினும், மக்களிடையே எழுந்த முதற் கேள்வி வேறாக இருந்தது. குறைக்க முடிகிற விலையை அதே விரைவில் ஏற்றவும் முடியுமன்றோ? வெயில் நாளில் குளிர்பானத்துக்கும், மாலைக் கூட்ட நேரத்தில் பாலுக்கும் விலை ஏறினால் என்ன செய்வது? 2024 ஆகஸ்டில் அமெரிக்க செனட் உறுப்பினர்கள் எலிசபெத் வாரன், பாப் கேசி இருவரும் இதே கேள்வியை எழுப்பி க்ரோகர் நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினர். அத்தகைய விலையேற்றத்தில் ஈடுபடவில்லை என்று அந்நிறுவனம் மறுத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட ஓர் ஆய்வும், மளிகைக் கடைத் தொடர் ஒன்றில் மின்னணுச் சீட்டு வருவதற்கு முன்பும் பின்பும் தற்காலிக விலையேற்றம் மிக அரிதாகவே இருந்தது என்று காட்டியது.

அவ்வாறாயின் மக்களின் அச்சம் வீண் என்று கொள்ளலாமா? கொள்ள இயலாது. காகிதச் சீட்டை மாற்றுவதற்கு இரண்டு நாள் உழைப்பு தேவைப்பட்டது. அந்தச் சிரமமே, யாரும் திட்டமிடாமல், இரண்டாவது தேவையான விலையின் நிலைத்தன்மைக்குக் காப்பாக அமைந்திருந்தது. சிரமம் நீங்கும்போது காப்பும் நீங்குகிறது. இதுவரை எவரும் உள்ளே வரவில்லை என்பது, கதவுக்குத் தாழ் வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

நியாயம் என்னும் அளவுகோல்

தேவை பெருகும்போது விலை ஏறுவது பொருளாதார விதி. ஆயினும் அவ்வாறு ஏற்றுவதை மக்கள் நியாயமென ஏற்பதில்லை. டேனியல் கானமன், ஜாக் நெட்ஷ், ரிச்சர்டு தேலர் ஆகியோர் 1986-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு வினா புகழ்பெற்றது. 15 டாலருக்கு விற்று வந்த பனி அள்ளும் மண்வாரியை, பெரும் பனிப்புயலுக்கு மறுநாள் காலை 20 டாலருக்கு விற்பது நியாயமா என்று அவர்கள் கேட்டனர். 82 சதவிகிதத்தினர் அது நியாயமற்றது என்று விடையளித்தனர். கடைக்காரரின் கொள்முதல் விலை ஏறியதால் விற்பனை விலை ஏறினால், அதைப் பெரும்பாலோர் ஏற்கின்றனர் என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. விலையின் அளவைப் போலவே விலையேற்றத்தின் காரணமும் மக்களுக்கு முக்கியம்.

ஆளுக்கு ஒரு விலை என்னும் நிலை இதைவிடக் கடுமையான எதிர்ப்பைப் பெறுகிறது. 2000ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம், ஒரே திரைப்பட வட்டை வெவ்வேறு வாடிக்கையாளருக்கு வெவ்வேறு விலையில் விற்றுச் சோதனை செய்தது. செய்தி வெளியானதும் கண்டனம் எழவே, ஏறத்தாழ 6,900 பேருக்கு வேறுபாட்டுத் தொகையைத் திருப்பித் தந்தது. கால் நூற்றாண்டுக்குப் பின் இதே நிகழ்ச்சி மளிகைப் பொருளில் திரும்பவும் நடந்தது. 2025 டிசம்பரில் அமெரிக்க நுகர்வோர் அமைப்புகள் வெளியிட்ட ஆய்வில், இன்ஸ்டாகார்ட் செயலியில் தன்னார்வலர்கள் ஒரே வேளையில் ஒரே கடையின் ஒரே பொருளை நோக்கியபோது, சிலருக்கு விலை 23 சதவிகிதம் வரை கூடுதலாகக் காட்டப்பட்டது தெரிய வந்தது. அதே மாதத்திலேயே அந்நிறுவனம் இச்சோதனைகளை நிறுத்துவதாக அறிவித்தது.

இதற்கு எதிர்வாதமும் உண்டு. வசதியுள்ளவரிடம் கூடுதலாகவும் வசதியற்றவரிடம் குறைவாகவும் வாங்குவது ஏழைகளுக்கு நன்மை தானே என்று கேட்கப்படுகிறது. மாணவர்க்கும் முதியோர்க்கும் அளிக்கப்படும் சலுகைகள் அத்தகையவை என்பது உண்மை. ஆனால் அச்சலுகைகளின் நிபந்தனை அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டுள்ளது. கணிப்பொறி வகுக்கும் தனி விலையிலோ, நுகர்வோரின் வசதி அளக்கப்படுகிறதா, அல்லது வேறிடம் செல்ல இயலாத அவருடைய நெருக்கடி அளக்கப்படுகிறதா என்பது வெளியே தெரிவதில்லை. வசதியற்றவரே பல வேளைகளில் வேறு கடைக்குச் செல்ல இயலாதவராகவும் இருக்கிறார் என்பதை இங்கே நினைவு கூர்தல் வேண்டும்.

நியூயார்க் மாநிலம் இதற்கு ஒரு வழியைக் கையாண்டுள்ளது. வாடிக்கையாளரின் சொந்த விவரங்களைப் பயன்படுத்திக் கணிப்பொறி விலையை வகுத்திருந்தால், அச்செய்தியை விலையின் அருகிலேயே தெரிவிக்க வேண்டும் என்னும் சட்டம் அங்கு 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. இது தடை அன்று, அறிவிப்பு மட்டுமே. அறிவிப்பினால் மட்டும் நுகர்வோர் காக்கப்படுவரா என்பது அனுபவத்தில் தெரிய வேண்டியதாகும்.

ஒரே இரவில் மாறிய விலைகள்

இந்திய நுகர்வோர் மின்னணு விலையை நம்ப வேண்டிய கட்டாயத்துக்கு உள்ளான ஒரு தருணம் 2025-இல் ஏற்பட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 22ஆம் நாள் சரக்கு, சேவை வரி விகிதங்கள் திருத்தியமைக்கப்பட்டன. சோப்பு, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் முதலியவற்றின் வரி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. பொட்டலமிட்ட பனீர் போன்ற சில உணவுப் பொருள்களுக்கு வரி முற்றிலும் நீங்கியது. ஆனால் கடைகளில் இருந்த சரக்கில் பழைய எம்.ஆர்.பி.யே அச்சிடப்பட்டிருந்தது. விற்பனையாகாத சரக்கில் புதிய விலைச் சீட்டு ஒட்டுவதை அரசாங்கம் கட்டாயமாக்கவில்லை, விருப்பத்துக்கு விட்டது. நாடெங்கும் உள்ள சிறு கடைகளில் ஒவ்வொரு பொட்டலத்திலும் சீட்டு ஒட்டுவது நடைமுறையில் இயலாதது என்பதை எண்ணுகையில் இம்முடிவு புரிந்து கொள்ளத்தக்கதே.

இதன் விளைவாக, பல பொருள்களுக்குப் பொட்டலம் ஒரு விலையையும் பில் ஒரு விலையையும் காட்டின. குறைக்கப்பட்ட விலை சரிதானா என்று அறிய, நுகர்வோர் தாமே கணக்குப் போட வேண்டியிருந்தது. அக்கணக்கும் எளிதன்று. வரி 13 புள்ளிகள் குறைந்ததால், எம்.ஆர்.பி.யில் 13 சதவிகிதம் குறையும் என்று எண்ணுவது இயல்பு. எடுத்துக்காட்டாக, வரி நீங்கலாக 100 ரூபாய் விலையுள்ள ஒரு பொருளின் பழைய எம்.ஆர்.பி. 118 ரூபாய், புதிய விலை 105 ரூபாய். குறைந்தது 13 ரூபாய். அது 118 ரூபாயில் ஏறத்தாழ 11 சதவிகிதமே. 13 சதவிகிதத்தை எதிர்பார்த்தவர், நேர்மையான கடைக்காரரையும் ஐயுற இடமேற்பட்டது.

இதில் வேறொரு சிக்கலும் இருந்தது. 5 ரூபாய், 10 ரூபாய்ச் சிறு பொட்டலங்களில் விலையைச் சில்லறைக் காசுகளாகக் குறைப்பதைவிட, அதே விலைக்கு எடையைக் கூட்டித் தருவதைத் தயாரிப்பாளர் பலர் விரும்பினர். விலை மாறாமல் எடை மாறும்போது, கிராமுக்கு என்ன விலை என்பதைப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். சட்டமுறை எடையளவு விதிகளில் 2021-இல் செய்யப்பட்ட திருத்தம் அலகு விற்பனை விலையைப் பொட்டலத்தில் குறிக்கச் செய்தது இவ்வகையில் மிகப் பயனுள்ளது. ஆயினும் அவ்வெண் எதைக் குறிக்கிறது என்பதை அறிந்து, வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் மக்களிடையே இன்னும் வேரூன்ற வேண்டியுள்ளது.

செயலி வழி வாங்குவோர்

பெருநகரங்களில் கைப்பேசிச் செயலி மூலம் சில நிமிடங்களில் மளிகைப் பொருள்களை வருவித்துக் கொள்ளும் வழக்கம் வேகமாகப் பரவியுள்ளது. நேரமும் அலைச்சலும் மிச்சமாவதால் வேலைக்குச் செல்வோரும் முதியோரும் இதனை விரும்புகின்றனர். இங்கே எழும் மனக்குறை பெரும்பாலும் பொருளின் விலையைப் பற்றியதன்று. பொருளின் விலை எம்.ஆர்.பி.க்கு உள்ளேயே இருக்கிறது. கையாளும் கட்டணம், விநியோகக் கட்டணம், சிறு கூடைக் கட்டணம், மழைக் காலக் கட்டணம் என்று கடைசித் திரையில் சேரும் தொகைகளே மனக்குறைக்குக் காரணம். 40 ரூபாய்ப் பொருளுக்கு 25 ரூபாய்க் கட்டணம் சேர்ந்தால், எம்.ஆர்.பி. மீறப்படாமலே அதன் நோக்கம் மீறப்படுகிறது எனலாம்.

இதற்குச் சட்ட வழி ஏற்கெனவே உள்ளது. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு இணைய வணிக விதிகள், எல்லாக் கட்டணங்களும் அடங்கிய மொத்த விலையை ஒரே எண்ணாகவும், அதன் பகுப்பையும் காட்ட வேண்டும் என்று கூறுகின்றன. ஒரே வகுப்பைச் சேர்ந்த நுகர்வோரிடையே பாகுபாடு காட்டுவதையும் அவை தடை செய்கின்றன. 2023 நவம்பர் 30ஆம் நாள் வெளியிடப்பட்ட வழிகாட்டு நெறிகள், நுகர்வோரை ஏமாற்றும் திரையமைப்பு உத்திகள் 13-ஐ வகைப்படுத்தின. விலையைத் துளித்துளியாக வெளியிடுதல், கேளாத பொருளைக் கூடையில் சேர்த்தல், பொய்யான அவசரத்தை உண்டாக்குதல் ஆகியவை அவற்றுட் சில. நிறுவனங்கள் தம் தளங்களைத் தாமே தணிக்கை செய்து, இத்தகைய உத்திகளை நீக்குமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025 ஜூன் மாதத்தில் அறிவுறுத்தியது.

நேரடிக் கடைகளிலும் இதனையொத்த ஒரு மனக்குறை எழுந்தது. பில் போடுமுன் கைப்பேசி எண்ணைக் கேட்பதும், தராவிடில் பில் போட மறுப்பதும் பற்றிப் புகார்கள் வந்தன. நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதத்தில், எண்ணைத் தருமாறு வற்புறுத்தலாகாது என்று சில்லறை வணிகர்களுக்கு அறிவுரை வழங்கியது. இந்த எதிர்ப்பின் பொருளையும் சரியாக உணர வேண்டும். தொல்லை தரும் விளம்பர அழைப்புகள் அதன் ஒரு பகுதியே. யார் எதை எவ்வளவு வாங்குகிறார் என்னும் பதிவேடுதான் ஆளுக்கு ஒரு விலை வகுப்பதற்கு அடிப்படை மூலப்பொருள். எண்ணைத் தர மறுக்கும் நுகர்வோர், அறிந்தோ அறியாமலோ, மூன்றாவது தேவையான சம விலையைக் காத்து நிற்கிறார்.

தயக்கமின்றி ஏற்கப்பட்ட சாதனங்கள்

மறுபுறம், மக்கள் விரைவில் ஏற்றுக் கொண்ட சாதனங்களும் உண்டு. 2016-இல் தொடங்கப்பட்ட யு.பி.ஐ. பணப் பரிமாற்றம் 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடிப் பரிமாற்றங்களைக் கடந்தது. காய்கறி வண்டி முதல் பெட்டிக்கடை வரை இது பரவியதற்குப் பல காரணங்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று, வந்து சேர்ந்த தொகையை உரக்க அறிவிக்கும் சிறு ஒலிப்பெட்டி. கொடுப்பவர், பெறுபவர் இருவர் காதிலும் ஒரே தொகை ஒரே வேளையில் விழுகிறது. கடைக்காரர் கைப்பேசியைப் பார்க்க வேண்டியதில்லை. வாடிக்கையாளர் வாதாட வேண்டியதுமில்லை.

இருபுறமும் எண் தெரியும் மின்னணுத் தராசும் அவ்வாறே. படிக்கல்லும் தட்டும் இருந்த காலத்தில் எடையை அறிய முள்ளையும் கடைக்காரரின் விரலையும் உற்று நோக்க வேண்டியிருந்தது. வாடிக்கையாளர் பக்கம் திரும்பியுள்ள திரை அந்தப் பாட்டைக் குறைத்தது. அதே தராசு கடைக்காரர் பக்கம் மட்டும் திரும்பியிருந்தால், நம்பிக்கை மறைந்து விடுகிறது. கருவி ஒன்றே, திரை எப்பக்கம் நோக்குகிறது என்பதில்தான் வேறுபாடு.

நியாய விலைக் கடைகளின் அனுபவமும் கருத்தில் கொள்ளத்தக்கது. தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளிகளுக்கு 2023 ஜனவரி முதல் உணவு தானியம் இலவசமாக வழங்கப்படுகிறது. விலை இல்லாத இடத்தில் எடையே விலையாகி விடுகிறது. விற்பனைப் பதிவு இயந்திரத்தையும் மின்னணுத் தராசையும் இணைப்பதை ஊக்குவிக்க, 2021 ஜூன் மாதத்தில் விதிகள் திருத்தப்பட்டன. நிறுத்த எடையே பதிவாகும்போது, அட்டைதாரருக்கு அது பாதுகாப்பு. ஆனால் அதே கடையில், விரல் ரேகை பதியாமையால் முதியோரும் உடலுழைப்புத் தொழிலாளரும் திரும்ப நேரும்போது, இயந்திரம் தடையாகி விடுகிறது. தானியங்கி முறை எங்கும் மனிதரின் துணையோடு இயங்க வேண்டும் என்பதற்கு இது சான்று. பிரிட்டனில் பூத்ஸ் என்னும் கடைத் தொடர், வாடிக்கையாளரே பில் போட்டுக் கொள்ளும் இயந்திரங்களைத் தன் பெரும்பாலான கடைகளிலிருந்து 2023-இல் அகற்றி, மீண்டும் ஊழியர்களை அமர்த்தியதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

நிர்வாகம் கருதத்தக்கவை

மின்னணு விலையைத் தடுத்து நிறுத்துவது இயலாது, வேண்டியதும் அன்று. நான்கு தேவைகளையும் அதற்குள்ளேயே அமைத்து விடுவதுதான் செய்யத்தக்கது. இத்திசையில் பின்வருவன பரிசீலனைக்குரியவை.

1. கடை திறந்திருக்கும் நேரத்தில் விலையைக் குறைக்கலாம், ஏற்றலாகாது என்னும் விதி. விலையேற்றம் கடை மூடிய பின்னரே செய்யப்பட வேண்டும்.

2. அலமாரி விலைக்கும் பில் விலைக்கும் வேறுபாடு இருந்தால் குறைந்த விலையே செல்லும் என்னும் ஏற்பாடு. மிச்சிகன் மாநிலத்தில் உள்ளது போன்று ஒரு சிறு இழப்பீடும் இருந்தால், ஒவ்வொரு நுகர்வோரும் ஊதியமில்லாத் தணிக்கையாளர் ஆகிவிடுவார்.

3. விலை மாற்றங்களின் பதிவேட்டைக் குறிப்பிட்ட காலம் வரை கடைகளும் செயலிகளும் காத்து வைத்தல். எடையளவு ஆய்வாளர் ஒரு நாள் கடைக்கு வந்து காண்பது அந்நேரத்து விலையை மட்டுமே. நிமிடத்தில் மாறும் விலையைக் காகித யுகத்துச் சோதனை முறையால் கண்காணிக்க இயலாது.

4. அலமாரித் திரையிலும் செயலியிலும் அலகு விலையைத் தெளிவான எழுத்தில் காட்டுதல். சில்லறையாக நிறுக்கப்படும் பொருள்களுக்கு இதுவே எம்.ஆர்.பி.யின் இடத்தை ஓரளவு நிரப்பும்.

5. பில் கவுண்ட்டரின் திரை வாடிக்கையாளரை நோக்கி இருத்தல். பில்லும் அறிவிப்பும் வட்டார மொழியிலும் இருத்தல்.

இவற்றோடு, உள்ள உரிமைகளை மக்கள் பயன்படுத்துவதும் தேவை. 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். பில்லைக் கேட்டு வாங்கி, வீட்டில் ஒருமுறை பொட்டலத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கத்தைப் பள்ளி, கல்லூரி நுகர்வோர் மன்றங்கள் வளர்க்கலாம்.

முடிவாக

சந்தை செவ்வனே இயங்க, வாங்குவோருக்கும் விற்போருக்கும் ஒரே செய்தி கிடைக்க வேண்டும் என்பது பொருளாதாரத்தின் அடிப்படைப் பாடம். அச்சிட்ட விலை அந்தச் சமநிலையை ஓரளவுக்கு ஏற்படுத்தியது. மின்னணுச் சாதனம் அதனை மேலும் வளர்க்கவும் வல்லது, அழிக்கவும் வல்லது. கடைக்காரரின் கணிப்பொறி வாடிக்கையாளரைப் பற்றி ஆயிரம் செய்திகளை அறிந்திருக்க, வாடிக்கையாளருக்குப் பருப்பின் விலைகூட உறுதியாகத் தெரியாத நிலை வருமானால், அது முன்னேற்றமாகாது. மாதச் சம்பளத்தில் ஏறத்தாழப் பாதியை உணவுக்குச் செலவிடும் குடும்பத் தலைவி விலைச் சீட்டை இருமுறை படிப்பதும், பில்லை வரிவரியாகப் பார்ப்பதும் இயந்திரத்தின் மீதுள்ள வெறுப்பால் அல்ல. கணக்குக் கேட்கும் அவ்வுரிமையைக் காப்பதே, சட்டம் இயற்றுவோரும் அதைச் செயற்படுத்தும் அலுவலர்களும் ஆற்ற வேண்டிய கடமையாகும்.